ஒன்றில் முடிந்த தொகைகள்

ஞாயிற்றுக்கிழமை, வேட்புமனு நாளுக்கு ஆறு நாள் முன்பு. எஸ்டேட் மண்டபத்தில் நிதி திரட்டும் கூட்டம், காலை பத்து மணி முதல் பிற்பகல் ஒன்றரை வரை. தேநீரும் வடையும் வழங்கப்பட்டன. நன்கொடை தந்தவர்கள் இருநூற்றுப் பதினாறு பேர். அனைவரும் தொகுதிக்குள் வசிப்பவர்கள்.

சனிக்கிழமை, வேட்புமனு நாள். வேட்பாளர்கள் மூவர். மூன்றாமவர் சுயேச்சை, ஓய்வுபெற்ற தாதி, என் மனைவி. சின்னம் சாவி. தேர்தல் முகவர் நான்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை, வாக்களிப்பு நாள். எஸ்டேட் தமிழ்ப்பள்ளிச் சாவடியில் சாவிக்கு விழுந்தவை முப்பத்தெட்டு. தொகுதி முழுவதிலும் பெற்ற வாக்குகள் எட்டில் ஒரு பங்கை எட்டாததால் வைப்புத்தொகை பறிமுதலானது.

அதிலிருந்து ஐந்தாம் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. என் மனைவி இறந்தாள். கணையத்தில் புற்று.

மேற்கண்டவற்றை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இனி எழுதப்போவதில் சரிபார்க்க இயலாதவையும் உண்டு.

இந்த நாட்டில் நகராட்சிக்கும் மாவட்ட மன்றத்துக்கும் தேர்தல் கிடையாது. அவை நிறுத்தப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஒரு வடிகால் அடைத்துக்கொண்டாலும் சட்டமன்றத்துக்குத்தான் நிற்க வேண்டும். என் மனைவி நின்றது ஒரு வடிகாலுக்காக. எஸ்டேட்டை ஒட்டிய நிலத்தில் புதிய குடியிருப்புக் கட்டுவதற்காக லோரி லோரியாக மண் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்கினார்கள். அதுவரை செம்பனை மரங்களுக்கிடையே ஓடி ஆற்றில் கலந்த மழைநீர், போக இடமின்றித் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் திரும்பியது. ஆண்டுக் கடைசி மழையில் வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது. நீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வந்தது. இருபத்தாறு வயதுள்ள ஒருவன் அதில் இறந்தான். அவனைப் பிரசவம் பார்த்து எடுத்தவள் என் மனைவி.

"என் கையில விழுந்த பிள்ளைங்க அவன். எலி மூத்திரத்துல போயிட்டான்," என்றாள். மறுவாரம் மனுப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

அவள் அந்த எஸ்டேட்டிலேயே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவரின் மகள். கிராமத்து மருத்துவ நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தவள். எஸ்டேட்டில் அவளைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் மிஸ்ஸிதான்; தாதியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் ஈப்போவில் ரயில்வே எழுத்தரின் மகனாகப் பிறந்து, உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு சென்று படித்து, பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பின் கோல சிலாங்கூரில் ஒரு தரைவீட்டில் குடியேறினோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்தது முழுவதும் இதைப் பொறுத்தது.

மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு வேட்பாளர்கள். ஒருவருக்கு வெளியூரிலிருந்து சில பெருந்தொகைகள் வருகின்றன. மற்றவருக்கு உள்ளூரிலிருந்து பல சிறுதொகைகள் வருகின்றன. எவருடைய பிரசாரம் வலுவானது? தொகையைக் கூட்டாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள் என்பேன். அந்த ஆட்களில் எத்தனை பேருக்கு அங்கே வாக்கு இருக்கிறது என்று பாருங்கள் என்பேன். இருபது ரிங்கிட் கொடுத்தவன் அந்த இருபது வெள்ளி தோற்பதை விரும்ப மாட்டான். இந்தத் தர்க்கத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. அதைக் கொண்டுபோய் எந்த மண்ணில் பொருத்தினேன் என்பதில்தான் குறை இருந்தது.

கூட்டத்தன்று மண்டபத்து வாசலில் ஒரு மேசையும் ரசீதுப் புத்தகமும் போட்டுவிட்டு, ஒலிபெருக்கியைக் கவனிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது ரசீதுப் புத்தகத்தைக் காணவில்லை. மேசைமேல் புதுத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் பித்தளைத் தாம்பாளம், சந்தனக் கிண்ணம், கற்கண்டு, நீளவாட்டில் ஒரு நோட்டு. நோட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. எழுத உட்கார்ந்திருந்தவர் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் பெண்மணி. எல்லாருக்கும் அவர் காண்டீன் அக்கா.

"ரசீது எங்கம்மா?"

"உள்ள கெடக்கு சார். ரசீது கிழிச்சிக் குடுத்தா மக்கள் சங்கடப்படுவாங்க. இது என்னா, சாமான் விக்கிற கெடையா?"

"சட்டப்படி ரசீது வேணும்."

"வேணும்னா சாயங்காலம் நீங்க உக்காந்து எழுதுங்க லா. இப்ப சந்தனம் எடுத்துக்கிங்க."

எடுத்துக்கொண்டேன். மக்கள் வரத் தொடங்கினார்கள். பட்டுச்சேலை கட்டி வந்தவர்களும் இருந்தார்கள். தேர்தல் கூட்டத்துக்கு எதற்குப் பட்டு என்று தோன்றியது. ஆனாலும் மகிழ்ச்சியாக இருந்தது. பதினொரு மணிக்கு ஒரு லோரி முதலாளி வந்தார். அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து, பால்வெட்டும் கத்தியை விட்டுவிட்டு, ஆறு லோரிகளும் மண் வாரும் பேக்கோ இயந்திரம் ஒன்றும் வைத்து மண் ஏற்றும் குத்தகை செய்பவர். அவருடைய மூன்று பெண்களையும் பிரசவம் பார்த்தவள் என் மனைவி. பக்கத்து நிலத்தில் கொட்டிய மண்ணில் பெரும்பகுதி அவருடைய லோரிகளில் வந்ததுதான். ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன். "மண்ணு கம்பெனியோடது சார். லோரி மட்டுந்தான் நம்மளுது," என்றார்.

அன்று அவர் தாம்பாளத்தில் பணநோட்டுகளை விசிறிபோல் விரித்து வைத்தார்.

"மிஸ்ஸிக்கா பேருக்கு ஐநூத்தி ஒண்ணு! எழுதுங்கக்கா, பெருசா எழுதுங்க. கண்ணாடி இல்லாம படிக்கணும்."

"அந்த ஒத்த வெள்ளிய எனக்குக் குடுத்துட்டுப் போய்யா. ஒரு கிளாஸ் தே ஓ குடிச்சிக்கிறேன்," என்று வரிசையில் நின்ற ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஒனக்குக் குடுத்தா திரும்பி வருமா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்பதை நான்கு மாதம் கழித்து அறிந்தேன்.

பிற்பகலில் வீட்டு மேசையில் அமர்ந்து அட்டவணை தயாரித்தேன். இருபத்தொன்று, முப்பத்தொன்று, ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்றே வரிக்கு வரி எழுதியிருந்தது. வகைப்படுத்த வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஒற்றை வெள்ளிகளைத் தள்ளிவிட்டு முழு எண்களாக்கினேன். தரவு கொடுக்கும் செய்தியைக் கேட்பதற்கு முன் அதைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டேன். எஸ்டேட் பள்ளிச் சாவடியில் மட்டும் வாக்குரிமை உள்ளவர்கள் நூற்று நான்கு பேர் இருந்தார்கள். எதிர்த்து நிற்கும் பெரிய கட்சிக்காரருக்குப் பணம் தலைநகரிலிருந்து வருகிறது என்பது ஊரறிந்தது.

அவளை அழைத்துக் காட்டினேன். ஒரு வீட்டில் கொடுத்தவர் ஒருவர் என்றால், அவரோடு வீட்டில் இன்னும் ஒருவராவது சேர்ந்து போடுவார் என்று விளக்கினேன். எஸ்டேட் சாவடி நமக்குத்தான் என்றேன். அவள் என் அட்டவணையைப் பார்க்கவில்லை. மஞ்சள் தடவிய நோட்டை எடுத்து, தொகை எழுதிய ஓரத்தில் விரலை வைத்து, பக்கம் பக்கமாகக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

முப்பத்தெட்டு வாக்குகள் என்று எழுதிய படிவத்தில் முகவர் என்ற முறையில் நான் கையொப்பமிட்டேன். நூற்று நான்கில் முப்பத்தெட்டைக் கழித்தால் அறுபத்தாறு. குறைந்தது அறுபத்தாறு பேர் அவளுக்குப் பணம் கொடுத்துவிட்டு அவளுக்கு வாக்களிக்காமல் வந்திருக்கிறார்கள். எவர் என்று சொல்ல முடியாது. விகிதத்தைச் சொல்லலாம். ஏறக்குறைய மூவரில் இருவர்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் நான் அந்த விகிதத்தோடு வாழ்ந்தேன். பாசாரில் மீன் வாங்கும்போது எஸ்டேட்காரர் யாரேனும் எதிர்ப்பட்டு, "சார், மிஸ்ஸி சௌக்கியமா?" என்று கேட்பார். சௌக்கியம் என்பேன். சொல்லிக்கொண்டே மனத்துக்குள், மூவரில் இருவர் என்பேன். மூவர் சேர்ந்து வந்தால் இன்னும் வசதி. எந்த ஒருவரை விட்டுவிடலாம் என்று முகங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். ஒரு முறை மனைவியின் பழைய சிநேகிதி ஒருவருக்கு நெரிசலில் வழிவிடாமல் நின்றேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார். சிறிய செயல்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் அது இனித்தது.

அவளுக்கு வயிற்றுவலி தேர்தலுக்கு முன்பே இருந்திருக்கிறது. மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது செய்வதற்கு அதிகம் எதுவும் மிஞ்சவில்லை. தோல்விதான் அவளைக் கொன்றது என்று எஸ்டேட்டில் சிலர் பேசினார்கள். அதை நான் ஏற்கவில்லை. கணையத்துக்கு வாக்கு எண்ணத் தெரியாது. ஆனால் அவர்கள் அப்படிப் பேசியதை நான் மறுக்கவும் இல்லை. அவர்கள் அப்படி நினைத்து உறுத்திக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மதியம், மூன்றாம் வார்டில், கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்திருந்தவளிடம் அந்த அறுபத்தாறைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அது மொய்ங்க," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"முப்பது வருஷமா எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும், கருமாதிக்கும் போயி அம்பத்தொண்ணு, இருவத்தொண்ணுன்னு எழுதிட்டு வந்தேன்ல? நமக்குப் பிள்ள இருந்து ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா எல்லாம் அப்பவே திரும்பி வந்திருக்கும். நம்ம வீட்டுல ஒரு விசேஷமும் நடக்கல. பாவம், அவங்கதான் எவ்வளவு நாள் கையில வெச்சிக்கிட்டு இருப்பாங்க? நம்ம வீட்டு மொத விசேஷம்னு வந்து வெச்சிட்டாங்க."

"நோட்டப் பாத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"ஒண்ணு ஒண்ணுன்னு முடிஞ்சிச்சே."

"ஏன் சொல்லல?"

அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள். "ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நீங்க பேனாவ எடுத்துக் கணக்குப் போட்டீங்க. மொகத்துல அப்படி ஒரு இது. எதுக்குக் கெடுக்கணும்னுதான்."

அவள் அறுபத்தாறு பேரையும் அந்தக் கட்டிலிலேயே மன்னித்துவிட்டாள். மன்னிப்பதற்கு அவர்கள் எதுவும் செய்யவில்லை என்றே நினைத்தாள். வாங்கிய முறையைத் திருப்பிச் செய்வது ஒன்று, வாக்கு வேறொன்று. அதில் அவளுக்கு முரண் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் மன்னிக்கவில்லை. ஆனால் அறுபத்தாறு பேரை வெறுப்பது சிரமமான வேலை. முகங்கள் போதவில்லை, என் நினைவாற்றலும் போதவில்லை.

அஸ்தியைக் கடலில் கரைக்கச் சுங்கை செம்பிலாங் போனோம். படகை ஏற்பாடு செய்தவர் லோரி முதலாளி. எனக்கு எந்த வேலையும் வைக்காமல் மீனவரிடம் பேசி, பூ வாங்கி, பானையைத் துணி கட்டிக் கொண்டுவந்து, படகு ஆடியபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கூலியை நான் நீட்டியபோது வாங்கவில்லை.

"மிஸ்ஸிக்காவுக்கு இதுகூட செய்யலன்னா நான் என்னா மனுசன் சார்?"

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அதுவே எனக்கு மிகுந்த இடைஞ்சலாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்று வீட்டுப் பின்கட்டில் காண்டீன் அக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று அவராகவே தொடங்கினார்.

"எங்களயெல்லாம் மன்னிச்சிருங்க சார். ஓட்டு விசயத்துல."

"நீங்களும் போடலயா?"

"இல்ல சார். மிஸ்ஸிம்மாகிட்டயே ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். சிரிச்சாங்க." வாழைக்காயைத் தண்ணீரில் போட்டார். "நான் போடத்தான் இருந்தேன். மொத நாளு லோரிக்காரரு வீடு வீடா வந்தாரு. 'மிஸ்ஸிக்குச் செய்ய வேண்டியத தாம்பாளத்துல வெச்சாச்சு. முப்பது வருசத்து முறை முடிஞ்சிச்சு. இனி யாரும் அவங்களுக்குக் கடம இல்ல. ஓட்ட பெரிய கட்சிக்குப் போடுங்க, அப்பத்தான் வடிகால வெட்டுவான்'னாரு. சரியாத்தான் சொல்றாருன்னு பட்டுச்சு. வெட்டுனானா? இந்தா, இன்னிக்கு வரைக்கும் இல்ல."

அவர் அதை ஒரு பழைய வானிலைச் செய்திபோல் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார். நான் உள்ளே வந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். லோரி முதலாளியும் கூடத்தில் அமர்ந்திருந்தார். அவருக்கும் கொடுத்தேன். அறுபத்தாறு என்ற எண் அன்று ஒன்றாகக் குறைந்தது.

அவர் செய்த குற்றத்தை வரையறுக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. பெரிய கட்சிக்கு வேலை செய்தது குற்றமல்ல, அது அவருடைய உரிமை. அவர் செய்தது வேறு. அந்த மக்களுக்கு அவளிடம் ஒரு கடமை இருந்தது. அது வாக்காக மாறக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய தாம்பாளத்தையே காட்டி, அவளுடைய மண்டபத்தில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதவைத்த கையோடு, அந்தக் கடமை முடிந்துவிட்டது என்று வீடு வீடாகப் போய் அறிவித்தார். நான் வலிமை என்று அட்டவணை போட்டதை அவர் விடுதலைப் பத்திரமாக மாற்றினார். எஸ்டேட் அவரை நம்பியது. தாம்பாளத்தின் பொருள் அறிந்தவர் அவர், அறியாதவன் நான்.

நான் விரும்பியது அதிகமில்லை. ஒரு நாள் அவர் பெயருக்கு எதிரே எட்டில் ஒரு பங்குக்குக் குறைவான எண் எழுதப்பட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு வழி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வழி தானாகவே என் வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் இறந்து ஓராண்டு கடந்தபின் சட்டமன்ற உறுப்பினர் காலமானார். இடைத்தேர்தல் அறிவித்தார்கள். பெரிய கட்சி தன்னை நிறுத்தும் என்று லோரி முதலாளி எதிர்பார்த்தார். அது வேறு ஒருவரை நிறுத்தியது. லோரி முதலாளி மான உணர்ச்சி மிகுந்தவர். சுயேச்சையாக நிற்பதாகச் சொல்லி, அதே மண்டபத்தில் அவரும் ஒரு கூட்டம் போட்டார். இரண்டு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு, நீளமான நோட்டு ஒன்றை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க படிச்சவரு. மத்தவன் எல்லாம் நில்லு நில்லும்பான், ஜெயிச்சா சாப்பாடு, தோத்தா வேடிக்க. நீங்கதான் நேர்மையா சொல்லுவீங்க. முந்நூத்திச் சொச்சம் பேரு சார். எல்லாம் நம்ம ஆளுங்க. மிஸ்ஸிக்காவுக்கு வந்ததவிட கூட."

நோட்டை விரித்தேன். மூலைகளில் மஞ்சள். இருபத்தொன்று. ஐம்பத்தொன்று. இருபத்தொன்று. முப்பத்தொன்று. இந்த முறை எந்த இலக்கத்தையும் நான் தள்ளவில்லை. மனைவி செய்ததுபோலவே ஓரத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கம்வரை ஒன்றில் முடியாத தொகை இல்லை.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஒரு விசயம் மட்டும் உறுத்துது சார். எல்லாம் ஒண்ணுலயே முடியுது. மொய்யா இருக்குமோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கேட்காமல் போயிருந்தால் நான் பேசாமல் இருந்தே காரியத்தை முடித்திருப்பேன். பேசாமல் இருப்பது பொய்யாகாது என்று வாதாட இடமிருந்திருக்கும். அவர் நேராகக் கேட்டுவிட்டார். முப்பத்தொரு ஆண்டு வகுப்பறையில் தெரிந்தே தவறான விடை ஒன்றை நான் சொன்னதில்லை.

"உங்க வீட்டுல மூணு கல்யாணமும் முடிஞ்சிருச்சே," என்றேன். "நீங்க செஞ்ச மொய்யெல்லாம் அப்பவே திரும்பியிருக்குமே?"

அவர் யோசித்தார். "ஆமா. மொத பொண்ணு கல்யாணத்துலயே பாதிக்கு மேல வந்திருச்சி."

"அப்ப இது எப்படி மொய்யாகும்? மிஸ்ஸிக்கு வந்தது மொய். எங்க வீட்டுல விசேஷமே நடக்கலியே. உங்களுக்கு வந்தது அதில்ல. எந்த எண்ணுல முடியுதுன்னு பாக்காதீங்க, எத்தனை பேருன்னு பாருங்க. உள்ளூர்க்காரங்க குடுக்குற சின்னத் தொகைதான் பிரசாரத்தோட பலம். இதை நான் பாடமாவே நடத்தியிருக்கேன்."

கடைசி வாக்கியம் உண்மை. அதற்கு முந்தையதும் பொதுவில் உண்மை. வெள்ளம் வந்த ஒவ்வோர் ஆண்டும் அவர் தன் பேக்கோவை அனுப்பி அடைப்பை வாரிக்கொடுத்ததும், துக்க வீடுகளுக்குக் கூலி வாங்காமல் கூடாரம் ஏற்றி வந்ததும், முருகன் கோயில் திருவிழாவுக்கு லோரி விட்டதும் எனக்குத் தெரியும். கல்யாணத்தில் எழுதிய மொய்தான் திரும்பியிருந்தது. இவற்றுக்கான முறை இன்னும் பாக்கி இருந்தது. அது இப்போதுதான் தாம்பாளத்துக்கு வந்திருந்தது. அவர் இதைத் தாமே யோசித்துக் கண்டுபிடித்திருக்கலாம். பிறர் தாம்பாளத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தன் தாம்பாளம் அன்பாகத் தெரிந்தது. எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் தெரிந்தது.

"அப்ப நிக்கலாங்கிறீங்க?"

"நில்லுங்க."

உள்ளே போய் ஒரு உறை எடுத்துவந்தேன். ஐநூற்றொரு வெள்ளி. அவருடைய நோட்டில் என் பெயரை நானே எழுதினேன். கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதினேன். அவர் எழுந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். 

எந்த வீட்டுக்கும் போய் அவருக்கு வாக்களிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேவை இருக்கவில்லை. இரண்டு வாரமும் அவருடைய பதாகைகள் ஜெராம் சாலை நெடுகத் தொங்கின. செலவுக்கு இரண்டு லோரிகளையும் பேக்கோவையும் விற்றார் என்று காண்டீன் அக்கா சொன்னார். வாக்கு எண்ணிக்கையைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். சாவடி சாவடியாக வந்தது. எஸ்டேட் பள்ளியில் அவருக்கு இருபத்தொன்பது. தொகுதி முழுவதும் சேர்த்தும் எட்டில் ஒரு பங்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. தேநீர் போட்டுக் குடித்தேன். சர்க்கரை சேர்த்துக்கொண்டேன். மருத்துவர் தடுத்திருந்தார்.

அதை மறைப்பதற்கில்லை. எனக்கு நிறைவாக இருந்தது. மறுநாளும் இருந்தது. அவள் படத்துக்குப் பூ வைக்கும்போது மட்டும் அதைப் பற்றிப் பேசாமல் தவிர்த்தேன்.

ஆண்டுக் கடைசி மழை அந்த முறை முன்கூட்டியே வந்தது. எஸ்டேட்டிலிருந்து காண்டீன் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அடுப்பங்கரைவரை தண்ணீர் வந்துவிட்டது, அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றியிருக்கிறேன் என்றார்.

"முன்னாடின்னா லோரிக்காரரு பேக்கோ அனுப்பி வாரிடுவாரு சார். இப்ப யார்கிட்ட கேக்குறது? நீங்க பெரிய எடத்துல யாருக்காச்சும் கடுதாசி போடுங்களேன்."

போடுகிறேன் என்றேன். இன்னும் போடவில்லை.

அவளுடைய இரண்டாம் ஆண்டுத் திதியன்று லோரி முதலாளி வந்தார். கையில் சுங்கை செம்பிலாங் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. திதி நாளில் கருவாடா என்று தாமே பதறி அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தார். உடம்பு இளைத்திருந்தது. படத்துக்கு முன் சற்று நேரம் நின்றார். பிறகு அமர்ந்தார். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தேன். அதற்கான பதிலையும் பல மாதங்களாகத் தயாராக வைத்திருந்தேன். இது மிஸ்ஸிக்காக என்று ஒரே வாக்கியம்.

"நீங்க தப்பா சொல்லல சார்," என்றார். "நீங்க சொன்னது கரெக்ட்டுதான். ஜனங்கதான் நன்றி கெட்டதுங்க. மிஸ்ஸிக்காவுக்கும் அதேதான பண்ணுனானுங்க? நம்ம ரெண்டு பேரையும் ஒரே மாதிரி கவுத்துட்டானுங்க."

நான் தயாராக வைத்திருந்த வாக்கியம் பொருந்தவில்லை. அவர் என்னைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். நெகிழிப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது எங்கிட்ட இருந்தா வயித்தெரிச்சல். நீங்களே வெச்சிக்கிங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் படிக்கத் தெரியும்."

சோறு போட்டேன். சாப்பிட்டார். ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மழை விட்டதும் எப்படியாவது ஒரு பேக்கோவை வாடகைக்குப் பிடித்து அந்த வடிகாலைப் பார்க்க வேண்டும் என்றார். வாடகைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இருவரும் பேசவில்லை.

இப்போது இரண்டு நோட்டுகளும் என் அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர் ஒரு தேர்தலில் தோற்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தண்டிக்கப்பட்டார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவரை என் வேலை பாதியில் நிற்கிறது. சொல்லாமல் விடுவது கருணை அல்ல. நான் இன்னும் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவே.

செய்யாமல் கிடப்பவை:

வடிகால் பற்றிக் கடிதம். முதல் வரி மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவளுடைய ரப்பர் பூட்ஸைக் காண்டீன் அக்காவிடம் கொடுப்பது. அளவு சரியாக இருக்கும்.

படகுக்கூலி. அவர் வாங்க மாட்டார். மீனவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

அவளுடைய நோட்டில் உள்ள தொகைகளைப் புதிய அட்டவணையில் எழுதுவது. இந்த முறை ஒற்றை வெள்ளிகளோடு.

பேக்கோ வாடகை விசாரிப்பது. அடுத்த மழைக்கு முன்.

அவரிடம் சொல்வது.